உயிலின் பங்காளிகள்

பத்திரப் பதிவு அலுவலகத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தரிடம் போய், ‘விருப்புறுதி ஆவணம் ஒன்று எழுத வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். ‘உயில் எழுதணுங்க’ என்றால் போதும். என்ன சொத்து, யார் பேருக்கு, சாட்சிக்கு ஆள் வந்திருக்கிறதா என்று மளமளவென்று கேட்க ஆரம்பித்துவிடுவார். விருப்புறுதி தமிழ்ச் சொல். உயிலோ ‘வில்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். ஆனாலும் சட்டத் தமிழில் விறைப்பாக நிற்பது தமிழ்ச் சொல்தான். வீட்டுத் திண்ணையில் சகஜமாகப் புழங்குவது வந்த சொல்.

ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களில் எது மரியாதைச் சொல், எது பேச்சுச் சொல் என்பதை எது முடிவு செய்கிறது? ஆங்கிலத்தில் எழுதவேண்டி வரும்போது நம்மில் பலரைத் தடுமாற வைக்கும் கேள்வி இது. வங்கிக்கு ஒரு கடிதம், அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், இரங்கல் செய்தி ஒன்று என்று எழுத உட்கார்ந்தால், ஒரு பொருளுக்கு நான்கைந்து சொற்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. அகராதி அவற்றைச் சமம் என்று சொல்லிவிடுகிறது. ‘வில்’ என்றால் ‘டெஸ்டமெண்ட்’. ‘டெஸ்டமெண்ட்’ என்றால் ‘வில்’. சமமான சொற்கள் என்று ஒரு மொழியிலும் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். உயிலின் ஆங்கிலப் பங்காளிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த வீட்டில் வளர்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முந்தைய இங்கிலாந்தில், இறந்த பிறகு சொத்து யாருக்குப் போகவேண்டும் என்ற அறிவிப்புக்கு ‘க்விடெ’ என்று பெயர் இருந்தது. ‘சொன்னது’ என்பதே அதன் பொருள். உயில் அப்போது முதலில் வாய்ச்சொல். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னதுதான் செல்லும், எழுத்து அதற்கு நினைவுக் குறிப்பு. 9ஆம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் அரசர் உட்படப் பலருடைய உயில்கள் பழைய ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்துள்ளன. டாரதி வைட்லாக் என்ற அறிஞர் அத்தகைய உயில்களைத் திரட்டி 1930இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்.

க்விடெ என்ற பெயர் வழக்கொழிந்தது. ஆனால் அது பிறந்த வினை முற்றிலும் சாகவில்லை. பழைய ஆங்கிலக் கதைகளில் ‘என்றான்’ என்பதற்கு வரும் ‘க்வோத்’ அந்த வேர்தான். அதன் முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்தால் ‘பிக்வீத்’, அதாவது ‘இன்னாருக்கு என்று சொல்லி வைத்தல்’. அதன் பெயர்ச்சொல் ‘பிக்வெஸ்ட்’. இன்று இந்த இரண்டும் வக்கீல் அலுவலகத்திலும், பல்கலைக்கழக நன்கொடை அறிக்கைகளிலும்தான் பெரும்பாலும் தலை காட்டுகின்றன. ஆங்கிலேயர் வீட்டில் பாட்டி தன் கடிகாரத்தைப் பேத்திக்கு விட்டுப் போனால் ‘லெஃப்ட்’ என்றுதான் சொல்வார்கள். ‘பிக்வீத்’ என்றால் நம் வீட்டில் ஒருவர் ‘பாட்டி கடிகாரத்தைச் சாசனம் செய்தருளினார்’ என்று பேசுவது போல இருக்கும்.

இதை நன்றாகக் கவனிக்கவேண்டும். ‘பிக்வீத்’ இலத்தீன் அல்ல, பிரெஞ்சு அல்ல. மண்ணில் பிறந்த சொல். அது கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கிறது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

‘வில்’ என்பதன் வேர் விருப்பம். ஆங்கிலத்தில் எதிர்காலத்தைக் காட்டப் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த துணைவினையும் இதுவேதான். ‘நான் போவேன்’ என்பதற்கு அவர்கள் சொல்வது, முன்னொரு காலத்தில் ‘நான் போக விரும்புகிறேன்’ என்று பொருள் தந்தது. இலத்தீனில் இதே வேரிலிருந்து வந்தவைதான் ‘வாலண்டரி’யும் ‘பெனவலண்ட்’டும். ‘வில்’ ஒரு பத்திரத்தின் பெயராக நிலைத்தது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆள் என்ன விரும்பினார் என்பதிலிருந்து, அந்த விருப்பத்தை எழுதிய தாளுக்குப் பெயர் நகர்ந்தது. லண்டன் பழைய உயில் நீதிமன்ற ஆவணங்களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைத் தேடி எடுத்து ஃபர்னிவல் என்ற அறிஞர் 1882இல் பதிப்பித்தார். அத்தொகுப்பில் மிகப் பழையது 1387ஆம் ஆண்டினது. நார்மானியர் வந்ததிலிருந்து அதுவரை உயிலை இலத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதுவதே வழக்கம்.

வில்லியம் என்ற பெயரின் முன்பாதியும் இந்த ‘வில்’தான், பின்பாதி தலைக்கவசத்தைக் குறிக்கும். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பெயர் அது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்து, பிரெஞ்சு மொழியை அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுவந்த நார்மானிய வில்லியம் தன் பெயரிலேயே ஒரு ஜெர்மானியச் சொல்லைச் சுமந்து வந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

‘டெஸ்டமெண்ட்’ ரோமிலிருந்து வந்தது. ‘டெஸ்டிஸ்’ என்றால் இலத்தீனில் சாட்சி. அச்சொல்லின் அடியில் ‘மூன்று’, ‘நிற்றல்’ என்ற இரண்டு பழைய வேர்கள் இருப்பதாகச் சொல்லாய்வாளர் கூறுவர். இருவர் வழக்காடும்போது மூன்றாவதாக நிற்பவர் சாட்சி. ரோமானியரின் பழைய உயில் முறை ஒன்று, கிட்டத்தட்ட ஒரு விற்பனைச் சடங்கு. ஐந்து சாட்சிகள் நிற்பார்கள். ஆறாவது ஆள் தராசு பிடிப்பார். குடும்பச் சொத்தை ‘வாங்குபவர்’ ஒருவர் வெண்கலத் துண்டால் தராசைத் தட்டுவார். அதன்பின் உயிலுக்குரியவர் தன் எண்ணத்தை அறிவிப்பார். விருப்பத்தைவிட அதைப் பார்த்த கண்கள் அங்கே முக்கியம். பெயரும் அதிலிருந்து அமைந்தது. ‘மெண்ட்’ என்ற பின்பாதியை ‘மனம்’ என்று பிரித்து, ‘மனத்தின் சாட்சி’ என்று ரோமானியச் சட்டவாணர் சிலர் அழகாக விளக்கினார்கள். ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூலிலும் அந்த விளக்கம் ஏறிவிட்டது. அழகுதான், ஆனால் தவறு. ‘மானுமெண்ட்’டில் இருப்பது போல அது வெறும் பெயர் விகுதி.

‘அட்டெஸ்ட்’, ‘புரொட்டெஸ்ட்’, ‘கன்டெஸ்ட்’, ‘டிடெஸ்ட்’ எல்லாம் இந்தச் சாட்சியின் பிள்ளைகள். அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் நகலில் ‘அட்டெஸ்டேஷன்’ வாங்க அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆக, ஒரு தாளுக்கு மூன்று பெயர்கள். சொன்னது, விரும்பியது, சாட்சி பார்த்தது. ஒரே செயலை மூன்று பக்கத்திலிருந்து பார்த்த மூன்று சமூகங்கள். இவை மூன்றும் இங்கிலாந்தில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தபோதுதான் தேர்வு என்ற சிக்கல் தொடங்கியது.

நார்மானியருக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் நீதிமன்றம் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் நடந்தது. வழக்காட வருபவருக்கு மொழி புரியவில்லை என்பதால் வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது; அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. நீதிமன்ற ஏடுகளிலிருந்து இலத்தீன் அதிகாரபூர்வமாக விலகியது 1733இல். இத்தனை காலம் மூன்று மொழிகளின் நடுவே வேலை செய்த எழுத்தர்கள் ஒரு பாதுகாப்பான வழியைப் பிடித்துக்கொண்டார்கள்: சந்தேகம் வந்தால் இரண்டு சொல்லையும் எழுது. ‘லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்’ என்பது அப்படி நிலைத்த இணை. ‘கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’, ‘பிரேக்கிங் அண்ட் என்டரிங்’ என்பவையும் அவ்வகை. எல்லா இணைகளும் மொழிபெயர்ப்புக்காக வந்தவை என்று சொல்லிவிட முடியாது. ‘டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்’ என்பதில் இரண்டும் மண்ணின் சொற்கள். அங்கே மோனைதான் காரணம். நமக்கு இது புதிதல்ல. பழைய தமிழ்க் கிரையப் பத்திரங்களை எடுத்தால் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’, ‘தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்’, ‘சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்து’ என்று ஓசை கூடி வரும். விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் அதில் பாதி புரிந்திராது. ஆனால் அந்த ஓசை இல்லாத பத்திரம் அவர்களுக்குப் பத்திரமாகத் தோன்றியிருக்காது.

ஷேக்ஸ்பியரின் உயில் இன்றும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1616 மார்ச் 25 தேதியிட்ட மூன்று தாள்கள். மூன்றிலும் அவர் கையெழுத்து. அவரும் ‘வில்’, ‘டெஸ்டமெண்ட்’ இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மனைவிக்குத் தன் இரண்டாவது சிறந்த கட்டிலைக் கொடுத்த வரி வரிகளுக்கு இடையே பிறகு செருகப்பட்டது. அதை வைத்து நூற்றாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அந்த இடத்தில் அவர் பயன்படுத்திய வினை ‘கிவ்’. நாடக உலகின் சொல்லரசர், மனைவிக்குக் கட்டில் கொடுக்கும்போது ‘கொடுக்கிறேன்’ என்ற மிகச் சாதாரணச் சொல்லையே எழுத வைத்திருக்கிறார்.

பழைய சட்ட நூல்களில் ஒரு பாகுபாடு சொல்வதுண்டு. ‘வில்’ நிலத்துக்கு, ‘டெஸ்டமெண்ட்’ பண்டம் பாத்திரத்துக்கு என்று. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. அசையும் பொருள் பற்றிய உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்தன. அந்த அதிகாரம் 1857இல்தான் அரசின் நீதிமன்றத்துக்கு மாறியது. நிலத்தை உயில் எழுதிக் கொடுக்கும் உரிமையோ எட்டாம் ஹென்றி காலத்தில், 1540இல் வந்த சட்டத்தால் கிடைத்தது. திருச்சபையின் சொல் இலத்தீன்; நிலத்தின் சொல் ஆங்கிலம் என்று பிரித்தால் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் மூல ஆவணங்களில் இந்தக் கோடு இவ்வளவு நேராக ஓடவில்லை. இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி எழுதியவர்களே அதிகம். கடைசியில் 1837இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உயில் சட்டம் கொண்டுவந்தபோது தலைப்பில் ‘வில்ஸ்’ என்ற ஒரு சொல்லையே வைத்தது. வழக்கில் ‘வில்’ வென்றது.

முழு வெற்றி அல்ல. உயில் எழுதியவர் ‘டெஸ்டேட்டர்’. உயில் எழுதாமல் இறந்தவர் ‘இன்டெஸ்டேட்’. உயில் தொடர்பான எதுவும் ‘டெஸ்டமெண்டரி’. நம் நாட்டின் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டினால் பொருளுக்குப் பெயர் ‘வில்’, அதைச் சேர்ந்த பலவற்றுக்கு இலத்தீன் அடைமொழி. ஆங்கிலத்தின் நெடுநாள் பழக்கம் இது. சூரியனுக்கு ‘சன்’, சூரிய ஆற்றலுக்கு ‘சோலார்’. வாய்க்கு ‘மவுத்’, வாய்வழி மருந்துக்கு ‘ஓரல்’. பெயரை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு, அடைமொழியை இலத்தீனிலிருந்து வாங்கும். ஆங்கிலம் எழுதுபவர் இந்தப் பழக்கத்தைப் புரிந்துகொண்டால் பல சொற்கள் தாமாகவே மனத்தில் தங்கும்.

‘டெஸ்டமெண்ட்’ இன்று தனியாக வாழும் இடங்கள் இரண்டு. ஒன்று விவிலியம். மற்றொன்று ‘இந்த அணை அந்தப் பொறியாளரின் உழைப்புக்கு டெஸ்டமெண்ட்’ என்பது போன்ற பத்திரிகை வாக்கியம். இரண்டாவதில் பழைய சாட்சிப் பொருள் உயிரோடு இருக்கிறது. ‘டெஸ்டிமனி’ நீதிமன்றக் கூண்டில் நின்று சொல்வது. ‘டெஸ்டிமோனியல்’ ஒருவருக்கு மற்றவர் தரும் நற்சான்று. இந்த மூன்றையும் குழப்பி எழுதிய விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனிதர் பேசினால் ‘டெஸ்டிமனி’, பொருள் பேசினால் ‘டெஸ்டமெண்ட்’ என்று பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு வராது.

விவிலியத்தின் ‘டெஸ்டமெண்ட்’ தனிக் கதை. எபிரேய மொழியில் கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான உடன்படிக்கையைக் குறிக்க ‘பெரித்’ என்ற சொல் இருந்தது. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘தியாதேக்கே’ என்று எழுதினார்கள். அன்றாடக் கிரேக்கத்தில் ‘தியாதேக்கே’ என்றால் உயில். அதன் வேர்ப்பொருள், முறைப்படுத்தி வைத்தல். இலத்தீனுக்கு வந்தபோது அது ‘டெஸ்டமெண்டும்’ ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்தின் பழைய, புதிய ‘டெஸ்டமெண்ட்’. உடன்படிக்கையாகத் தொடங்கியது வழியில் உயிலாக மாறிவிட்டது. தமிழில் அவை பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. ‘ஏற்பாடு’ என்பது கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருளுக்கு இலத்தீனைவிட நெருக்கமாக இருக்கிறது என்று சொல்லத் துணிகிறேன்.

எபிரேயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் இதைவிட நுட்பமானது. கிரேக்க மூலத்தில் அங்கே ஒரே சொல் அடுத்தடுத்த வசனங்களில் ஓரிடத்தில் உடன்படிக்கையாகவும், அடுத்த இடத்தில் எழுதியவர் இறந்த பிறகே செல்லுபடியாகும் உயிலாகவும் பொருள் மாறுகிறது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு 8ஆம் அதிகாரத்தில் ‘கவனன்ட்’, அதாவது உடன்படிக்கை, என்று சொல்லிவந்து, இந்த இடத்தில் ‘டெஸ்டமெண்ட்’டுக்குத் தாவுகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய பதிப்பு 15ஆம் வசனத்தில் ‘உடன்படிக்கை’ என்றும், 16ஆம் வசனத்தில் ‘மரணசாசனம்’ என்றும் போடுகிறது. ‘மரண’ என்ற முன்னொட்டு ஒன்றாலேயே, எழுதியவன் செத்தால்தான் இது செல்லும் என்ற வாதம் வாசகனுக்கு விளங்கிவிடுகிறது. அகராதியில் கைவைக்காமல், வாக்கியம் கேட்பதைக் கொடுத்த மொழிபெயர்ப்பு அது. சொல்தேர்வைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் இந்த இரண்டு வசனங்களை வகுப்பில் வைக்கவேண்டும்.

இனி மற்ற பங்காளிகள். ‘டிவைஸ்’ என்பது பிரெஞ்சு வழி வந்தது. ‘பிரித்தல்’ என்ற இலத்தீன் வேர். நிலத்தை உயிலால் கொடுத்தால் ‘டிவைஸ்’, அசையும் பொருளைக் கொடுத்தால் ‘பிக்வீத்’ என்பது வக்கீல்களின் மரபு. சட்டத்துக்கு வெளியே ‘டிவைஸ்’ என்றால் திட்டம் வகுத்தல். எனவே வக்கீல் அல்லாதவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. ‘லெகசி’ முதலில் ஒரு தூதரின் பதவி. அனுப்புதல், நியமித்தல் என்பது வேர். பிறகு உயிலில் வரும் பணம். இப்போது தலைவர்களின் பிறந்தநாள் விளம்பரத்தில் வரும் ‘மரபுச் செல்வம்’. ‘இன்ஹெரிட்டன்ஸ்’ வீட்டுக்குள் வருவது. ‘ஹெரிடேஜ்’ ஊருக்கே உரியது. பெரிய கோயிலை ‘ஹெரிடேஜ்’ என்பார்கள்; பெரியப்பாவின் தோப்பை அப்படிச் சொல்வதில்லை. ‘ஏர்லூம்’ என்பதில் இருக்கும் ‘லூம்’ பழைய ஆங்கிலத்தில் எந்தக் கருவியையும் குறித்தது. தறி அதில் ஒன்று.

நம் ஆங்கிலத்தில் அதிகம் கெட்டுப்போன சொல் ‘டிமைஸ்’. தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் அச்சாகும் இரங்கல் அறிவிப்புகள் பலவற்றில் ‘சேட் டிமைஸ்’ இருக்கும். ‘டை’ என்று எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, கனமான சொல்லாகத் தேடி இதை எடுக்கிறோம். ‘டிமைஸ்’ பிரெஞ்சு நீதிமன்றச் சொல். சொத்தைக் கைமாற்றிக் கொடுத்தல் என்பது அதன் முதல் பொருள். அரசர் இறந்ததும் அரசுரிமை அடுத்தவருக்கு மாறுவதை ‘முடியின் டிமைஸ்’ என்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் பெரும் சட்ட ஆசிரியர் பிளாக்ஸ்டோன், அந்தச் சொல்லுக்குச் சொத்து மாறுவது என்பதே பொருள் என்று விளக்கி எழுதினார். அரசு என்பது சாவதில்லை, கைமாறுகிறது என்ற கருத்து. ஆனால் அரசர் இறக்கும்போதெல்லாம் காதில் விழுந்த சொல், மெல்ல இறப்புக்கே பெயராகிவிட்டது. சென்னையில் ஆங்கிலத்தில் எழுதும் வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ‘டிமைஸ்டு பிரெமிசஸ்’ என்று வரும். குத்தகைக்கு விடப்பட்ட வீடு என்று பொருள். பழைய பொருள் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய ஆங்கிலத்தில் ‘டிமைஸ்’ பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின், ஒரு கட்சியின், ஒரு வழக்கத்தின் முடிவைச் சொல்லவே பயன்படுகிறது. பெற்ற தாய்க்கு அதைப் போடும்போது, படிக்கும் ஆங்கிலேயருக்கு ஓர் அலுவலகக் குரல் கேட்கும், அழுகை கேட்காது. ‘எக்ஸ்பயர்டு’ அதைவிடக் கடினம். மூச்சை வெளியே விடுதல் என்ற இலத்தீன் வேர் மென்மையானதுதான். ஆனால் இப்போது மருந்துப் பட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும்தான் அது வாழ்கிறது. ‘டை’ என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெரும்பாலான அறிஞர் கருத்துப்படி அது வடகடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியரின் சொல். அதற்கு முன் ஆங்கிலேயர் இறப்புக்குச் சொல்லிவந்த வினைகளில் ஒன்றுதான் இன்று ‘ஸ்டார்வ்’ என்று சுருங்கிப் பசியால் வாடுவதைக் குறிக்கிறது; ஜெர்மன் மொழியில் அதன் உறவு இன்றும் இறப்பதையே குறிக்கும். ‘மை ஃபாதர் டைட்’ என்று எழுதலாம். துக்கத்தைச் சற்று மெதுவாகச் சொல்ல விரும்பினால் ‘பாஸ்டு அவே’ இருக்கிறது.

நமக்கு இந்த நுட்பம் தமிழில் ரத்தத்தில் இருக்கிறது. செத்துப்போனார், இறந்தார், தவறிவிட்டார், காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார். எதை யாரிடம், எங்கே சொல்வது என்று எந்தத் தமிழருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. ‘அப்பா தவறிட்டாரு’ என்று தொலைபேசியில் சொல்பவர், சுவரொட்டியில் ‘இயற்கை எய்தினார்’ என்று போடச் சொல்வார். ஒரே நாள், ஒரே மனிதர், ஒரே இழப்பு. ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும் இந்தக் காதை ஏன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். ஆங்கிலத்தைப் பரீட்சைத் தாள் வழியாகவே கற்றோம். அதனால் நீளமான சொல்லுக்கு அதிக மதிப்பெண் என்ற நினைப்பு தங்கிவிட்டது.

ஃபௌலர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட ‘த கிங்ஸ் இங்கிலிஷ்’ என்ற நூல் இதற்கு ஒரு மருந்து சொன்னது. பழகிய சொல்லை எடு, சிறிய சொல்லை எடு, இலத்தீன் வழி வந்ததைவிட மண்ணின் சொல்லை எடு என்பது போன்ற அறிவுரைகள். முதல் இரண்டும் பொன். கடைசியை அப்படியே பிடித்துக்கொண்டால் ‘பிக்வீத்’ நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. பிறப்பால் மண்ணின் சொல். ஆனால் பல நூற்றாண்டுகளாக உயில் பத்திரத்தைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லாமல் போய்விட்டது. வேறு வேலை இல்லாததால் வேறு குரலும் இல்லை. மறுபுறம் ‘மணி’, ‘யூஸ்’, ‘காஸ்ட்’ எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. சந்தையிலும் சமையலறையிலும் தினமும் புழங்கியதால் அவற்றின் மேல் இருந்த அயல்வாடை போயே போய்விட்டது. ஒரு சொல்லின் மரியாதையைத் தீர்மானிப்பது அதன் பிறப்பு அன்று, அது புழங்கிய இடம். சந்தையில் புழங்கியதா, சன்னிதியில் புழங்கியதா, நீதிமன்றத்திலா என்று கேட்டால் விடை வந்துவிடும்.

உயிலுக்குத் திரும்பினால் இந்த விதி நம் மண்ணிலேயே நடந்திருப்பது தெரியும். இந்து தர்ம சாஸ்திரங்களில் இன்றைய பொருளிலான உயில் இல்லை என்பது சட்ட வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களும், அவற்றோடு தொடர்புடைய துபாஷிகளும் வணிகர்களும் அந்த வழக்கத்தை இங்கே பரப்பினார்கள். 1754இல் பிறந்து 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் உயில் அவற்றுள் புகழ்பெற்றது. கோயில் தருமங்களுக்காக அவர் விட்டுச்சென்ற பணம் நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு அதிலிருந்துதான் 1842இல் ஒரு பள்ளிக்கூடம் பிறந்து, பின்னால் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. 1870இல் இந்து உயில் சட்டம் வந்து, சென்னை நகரில் இந்துக்கள் எழுதும் உயில்களுக்கு விதிமுறை வகுத்தது.

பொருளே நீதிமன்றத்தோடு வந்ததால் பெயரும் அதோடு வந்தது. ஏன் ‘வில்’ என்று எழுதாமல் ‘உயில்’ என்று எழுதினார்கள்? ஆங்கிலத்தின் அந்த முதல் ஒலி நம் வகரத்தைப் போல் பல்லில் படுவதில்லை. உதட்டைக் குவித்துத் தொடங்குவது. தமிழ்க் காதுக்கு அது உகரமாக விழுந்தது. வில்லியத்தை ‘உவில்லியம்’ என்று எழுதும் வழக்கம் ஈழத்தில் உண்டு. ‘வில்’ என்றே எழுதியிருந்தால் அம்பெய்யும் வில்லோடும் ‘விற்றுவிடு’ என்ற ஏவலோடும் மோதியிருக்கும்; ‘உயில்’ அந்தச் சங்கடம் இல்லாமல் தனித்து நின்றது. ‘உய்தல்’ என்ற நம் பழைய வினையோடு இதை ஒட்டிப் பார்க்கச் சிலருக்குத் தோன்றும். ஒலி ஒத்துவருகிறது, வரலாறு ஒத்துவரவில்லை. உயிலில் பெயர் வரும் ‘வாரிசு’ அரபியிலிருந்து வந்தது, ‘சாசனம்’ வடமொழி, ‘சொத்து’ம் அவ்வழியே. ஒரு தமிழ்க் குடும்பத்தின் மிக அந்தரங்கமான தாளில் இத்தனை மொழிகள் கூடியிருக்கின்றன. யாருக்கும் எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை.

‘விருப்புறுதி’ நல்ல ஆக்கம். ‘வில்’ என்பதன் விருப்பப் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறது. சட்ட நூலிலும் தீர்ப்பிலும் அது இருக்கட்டும். ஆனால் பாட்டியிடம் பேசும்போதும், கதை எழுதும்போதும், நாளிதழ்த் தலைப்பிலும் ‘உயில்’ என்று எழுதுவதில் தயக்கம் வேண்டாம். அது நம் வீட்டில் நம்மோடு இருநூறு ஆண்டுகள் உட்கார்ந்து சாப்பிட்ட சொல்.

ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தாலும் இதே அளவுகோல்தான். வங்கி மேலாளருக்கு எழுதும்போது தந்தை ‘டைட்’, அவர் ஒரு ‘வில்’ ‘லெஃப்ட்’ என்று மூன்று சிறு சொற்களில் முடித்துவிடுங்கள். ‘டெஸ்டமெண்ட்’, ‘பிக்வீத்’, ‘டிவைஸ்’ மூன்றையும் வக்கீலிடம் விட்டுவிடுங்கள். உயிலை எந்தப் பெயரால் அழைத்தாலும் அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் போர்முனைப் படைவீரர் போன்ற சிலரையும், தனிச் சட்டம் உள்ள முஸ்லிம்களையும் தவிர மற்றவர் எழுதினால், 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துகள் இல்லையென்றால் அந்த உயில் செல்லாது.